வீட்டுக்குள் நிலையான ஐ.பி. முகவரி: யாருக்குக் கொடுக்கலாம், யார் கொடுப்பது?

செஞ்சி வட்டத்தில் தொண்டூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள குன்றில் சமண முனிவர்கள் தங்குவதற்காக வெட்டிய கற்படுக்கைகளும், அவற்றைச் செய்யச் சொன்னவர் யார், செய்தவர் யார் என்று சொல்லும் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டு அறிஞர்களின் கணிப்பு. அந்தச் சின்ன வாசகத்தில் அதே வட்டாரத்து அகலூரின் பெயரும் வருகிறது. இன்றைக்கும் அகலூர் அங்கேயேதான் இருக்கிறது, ஒரே ஒரு எழுத்து மட்டும் தேய்ந்து போய்! ஏறக்குறைய 1700 ஆண்டுகளாக மாறாத முகவரி.

இதே பக்கத்தில் ஒரு வீட்டில், நேற்று ராத்திரி வரை ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர், காலையில் கரண்ட் போய் வந்ததும் "ஆஃப்லைன்" என்று அடம் பிடிக்கும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, மை இருக்கிறது, தாள் இருக்கிறது. ஆனால் கணினிக்கு மட்டும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முகவரி ஒரே இரவில் மாறிவிட்டது.

இதற்கு இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "நிலையான ஐ.பி. முகவரி கொடுத்து விடுங்கள்". அறிவுரை தப்பில்லை. ஆனால் எந்தச் சாதனத்துக்கு, எங்கே போய்க் கொடுப்பது, கொடுத்ததை யார் நினைவில் வைத்துக் கொள்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. அதனால்தான் முகவரியை நிலையாக்கப் போய் வீட்டு வலையமைப்பையே குழப்பி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரையின் கட்சி இதுதான்: வீட்டில் இரண்டு மூன்று சாதனங்களுக்கு மட்டும் நிலையான முகவரி போதும். அதையும் சாதனத்துக்குள் போய் எழுதக் கூடாது, ரவுட்டரில்தான் எழுத வேண்டும். எழுதியது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். வீட்டு ரவுட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168.1.5 என்பது போல ஓர் எண் கிடைக்கிறது. இந்த எண் உலகத்தில் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று எண் வரிசைகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் தங்கள் வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ வைத்துக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் "மாரியம்மன் கோயில் தெரு" எத்தனை ஊரில் இருக்கிறது? ஊருக்குள் அந்தப் பெயர் போதும், குழப்பமே வராது. ஊரைத் தாண்டினால்தான் எந்த ஊர் மாரியம்மன் கோயில் தெரு என்ற கேள்வி வரும். 192.168.1.5-ம் அப்படித்தான்.

அந்த எண்ணைக் கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற ஏற்பாடு. 1993-ல் முதலில் வரையறுத்தார்கள். இன்று புழக்கத்தில் உள்ள வடிவம் 1997 மார்ச்சில் வந்தது. இது வேலை செய்வதைப் புரிந்து கொள்ள திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினால் போதும். ஏறுகிறவர் "டிக்கெட் கொடுங்க" என்று குரல் கொடுக்கிறார். கண்டக்டர் "அந்த சீட் காலி, உட்காரலாம்" என்கிறார். "சரி, அதையே எடுத்துக்கறேன்" என்கிறார் இவர். டிக்கெட் கைக்கு வருகிறது. டிஎச்சிபி-யிலும் இதே நான்கு பேச்சுதான், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை. டிக்கெட்டுக்கு ஒரு கெடுவும் உண்டு. பல வீட்டு ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். கெடுவில் பாதி போனதும் சாதனம் தானாகவே "நீட்டித்துக் கொடுங்கள்" என்று கேட்கும், ரவுட்டரும் நீட்டிக்கும். அதனால் எப்போதும் இயங்கிக் கொண்டிருக்கும் சாதனத்தின் எண் மாதக் கணக்கில் மாறாமலே இருக்கும். "என் வீட்டில் ஒன்றும் செய்யவில்லையே, ஆனாலும் மாறவில்லையே" என்று பலர் சொல்வது இதனால்தான்.

சிக்கல் எப்போது வரும்? அணைத்து வைத்த சாதனம் நாலு நாள் கழித்து எழும்போது. அல்லது கரண்ட் போய் வரும்போது. கொடுத்த டிக்கெட் கணக்கை நிரந்தரமாகச் சேமிக்காத ரவுட்டர்கள் உண்டு. கரண்ட் போனால் அந்தக் கணக்கும் போச்சு. மறுபடி கரண்ட் வந்ததும் டி.வி., போன், பிரிண்டர், கேமரா பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து முண்டியடிக்கும். பழைய இடத்தையே கேட்டு வாங்கும் சாதனங்களும் உண்டு, கிடைத்த இடத்தில் உட்காரும் சாதனங்களும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் மாதிரி நாள் கணக்கில் கரண்டைக் கொண்டு போகிற சமயத்தில் கெடுவெல்லாம் முடிந்து, எல்லாமே புதிதாகத்தான் தொடங்கும்.

இப்போது இந்தப் பக்கத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளலாம். முன்னறையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, வருமானச் சான்றிதழ், பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் இங்கே பிரிண்ட் எடுப்பார்கள். கடையைப் பார்த்துக் கொள்வது அம்மா. வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் கேமரா, அவற்றின் பதிவுப் பெட்டி பீரோ மேல். ஒரு டி.வி., ஒரு கணினி, மூன்று போன். இவ்வளவையும் இணைத்துக் கொடுத்த மகனோ மகளோ இப்போது சென்னையில் படிக்கிறார். கடைக்கு ஆள் நிற்கும் நேரத்தில் பிரிண்டர் காணாமல் போனால் அம்மா போன் போடுவார். வகுப்பு நடக்கும்போது எடுக்க முடியாது. சாயங்காலம் எடுத்து, "அம்மா, கண்ட்ரோல் பேனல் திற... இல்ல, அது இல்ல, பக்கத்துல..." என்று அரை மணி நேரம் போகும். இதற்குள் நாலு பேர் செஞ்சிக்கே போய் எடுத்துக் கொள்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். ஓர் எண் மாறியதற்கு இவ்வளவு.

அதற்காகத்தான் நிலையான முகவரி. இனி அதை எங்கே கொடுப்பது என்பது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சாதனத்துக்குள்ளேயே போய் "உன் எண் இதுதான்" என்று கையால் எழுதி வைப்பது. இது பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. கண்டக்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும்போது ரவுட்டர் அந்த இடம் காலி என்று நினைத்து, விருந்தாளியின் போனுக்குக் கொடுத்துவிடும். பிரிண்டரை ஆன் செய்ததும் ஒரே சீட்டில் இரண்டு பேர்! ஒரு சமயம் பிரிண்டர் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. விருந்தாளி கிளம்பியதும் தானாகச் சரியாகிவிடும். காரணம் கண்டுபிடிக்க முடியாமல் மண்டையைப் பிய்த்துக் கொள்ள வைக்கும் கோளாறுகளில் இது முதல் வரிசை.

கையால் எழுதும்போது இன்னொரு வம்பும் உண்டு. எண் மட்டும் போதாது. சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று மேலும் மூன்றை எழுத வேண்டும். கேட்வேயைத் தவறாக எழுதினால் அந்தச் சாதனம் வீட்டுக்குள் எல்லோரோடும் பேசும், வெளியே போகாது. கேமரா பெட்டி வீட்டு மானிட்டரில் படம் காட்டும், ஆனால் வெளியூரில் இருப்பவரின் போனில் மட்டும் "இணைப்பு இல்லை" என்று வரும். பெட்டியில் கோளாறா, போனில் கோளாறா என்று தேடிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, ரவுட்டரில் போய் "இந்தச் சாதனம் வந்தால் இந்த எண்ணையே கொடு" என்று பதிந்து வைப்பது. சாதனம் வழக்கம் போல டிஎச்சிபி-யில் கேட்கும். ரவுட்டர் தன் பதிவேட்டைப் பார்த்து, எழுதி வைத்த எண்ணைக் கொடுக்கும். வேறு யாருக்கும் அந்த எண் போகாது. கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் தானாகவே சரியாகப் போய்ச் சேரும். ரவுட்டர்களில் இதை அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டேடிக் டிஎச்சிபி, பைண்டிங் என்று ஆளுக்கொரு பெயரில் வைத்திருக்கிறார்கள், விஷயம் ஒன்றே. நிலத்தை வைத்துச் சொன்னால், முதல் வழி தானாகப் போய் வரப்பில் கல் நடுவது. இரண்டாவது பட்டாவில் பெயர் ஏற்றுவது. நட்ட கல் அடுத்தவர் ஏர் ஓட்டினால் நகரும். பட்டாவில் ஏறியதைப் பார்க்க ஒரு இடத்துக்குப் போனால் போதும்.

இந்த இரண்டாவது வழியின் அருமை ரவுட்டரை மாற்றும் நாளில்தான் தெரியும். பழைய பிராட்பேண்டைக் கொடுத்துவிட்டு ஃபைபர் எடுக்கிறார்கள். புது ரவுட்டர் வருகிறது. பழைய ரவுட்டரின் எண் 192.168.1.1. புதியது ஜியோ ஃபைபர் என்றால் வழக்கமாக 192.168.29.1 என்று இருக்கும். டி-லிங்க் பலவற்றில் 192.168.0.1. மூன்றாவது எண் மாறினால் தெருவே மாறிவிட்டது என்று அர்த்தம். டிஎச்சிபி-யில் இருந்த போன், டி.வி. எல்லாம் புதுத் தெருவில் புது எண் வாங்கிக் கொண்டு பேசாமல் வேலையைப் பார்க்கும். உள்ளே கையால் எண் எழுதி வைத்திருந்த கேமரா பெட்டி மட்டும் பழைய தெருவிலேயே நின்று கொண்டு, இல்லாத கேட்வேயைத் தேடிக் கொண்டிருக்கும். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் வரவேண்டும், அவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். பெட்டி டிஎச்சிபி-யில் இருந்திருந்தால் அதுவும் தானே எழுந்து வந்திருக்கும். புது ரவுட்டரில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

ரவுட்டரில் பதிவது எப்படி என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. உலாவியில் ரவுட்டரின் எண்ணைத் தட்டினால் அதன் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். (ஒட்டியிருப்பதை அப்படியே வைத்துக் கொள்ளாமல் மாற்றிவிடுவது நல்லது.) உள்ளே இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பன்னிரண்டு இலக்கத்தில் மேக் முகவரி என்று ஒன்று. 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வரும். இது தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்புவது, சாதனத்தின் அங்க அடையாளம் மாதிரி. அதைப் பார்த்துத்தான் ரவுட்டர் ஆளை அடையாளம் காண்கிறது. மேக் முகவரி, கொடுக்க வேண்டிய எண், ஒரு பெயர் என்று மூன்றையும் எழுதிச் சேமித்து, சாதனத்தை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

போன்களில் மட்டும் இந்த அங்க அடையாளத்தை நம்ப முடியாது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. கடைக்குக் கடை போனைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பவர்களிடம் இருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அந்த வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேறு முகம் காட்டக்கூடும். ரவுட்டரில் எழுதி வைத்தது பொருந்தாமல் போகும்.

போனுக்கு நிலையான முகவரி எதற்கு என்பதுதான் அடுத்த கேள்வி. எதற்குமே இல்லை. இங்கேதான் "எல்லாவற்றுக்கும் கொடு" என்கிற கட்சியோடு சண்டை. அவர்களின் வாதம், எல்லாம் ஒழுங்காக வரிசையாக இருக்கும், புதிதாக ஓர் எண் தெரிந்தால் திருடன் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வைஃபை கடவுச்சொல் தெரிந்து உள்ளே வந்துவிட்ட ஆள், தனக்கு வேண்டிய எண்ணைத் தானே எழுதிக் கொள்ள முடியும். மேக் முகவரியையும் மாற்றிக் காட்ட முடியும். பூட்டு வேலையைச் செய்ய வேண்டியது கடவுச்சொல், கதவு எண் அல்ல. தேடிப் போகப்படும் சாதனம், தேடிப் போகும் சாதனம் என்று இரண்டு வகை பிரித்துக் கொண்டால் கணக்கு எளிது. பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, படங்களும் பாட்டும் போட்டு வைத்த பொதுச் சேமிப்புப் பெட்டி ஆகியவற்றை மற்றவை தேடிப் போகின்றன. அவற்றுக்கு எண் நிலையாக இருக்க வேண்டும். போனும் டி.வி.யும் மடிக்கணினியும் தேடிப் போகிறவை. விருந்தாளிக்கு எந்த நாற்காலி என்று யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை.

கேமரா விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. கோஆக்சியல் கம்பியில் வரும் பழைய வகைக் கேமராக்களுக்கு ஐ.பி. முகவரியே கிடையாது. பீரோ மேல் உள்ள டி.வி.ஆர். பெட்டிக்கு மட்டும்தான். எட்டுக் கேமரா இருக்கிறதே என்று எட்டு எண்ணைத் தேட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் நிலையான எண் கொடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2000-களில் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் இருந்தபோது, பல கடைகளில் ஒவ்வொரு மானிட்டரின் தலையிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதியிருப்பார்கள். முதல் கணினியில் இணைய இணைப்பு, விண்டோஸின் பகிர்வு வசதி அதற்கு 192.168.0.1 என்று கொடுத்துவிடும். மற்றவை 2, 3, 4 என்று வரிசையாக. கணினிகள் மேசையை விட்டு நகராது, புதிதாக எதுவும் வராது, எல்லாம் கடைக்காரர் ஒருவர் கையில். அந்த இடத்துக்கு அந்த முறை பொருந்தியது. இன்றைய வீட்டுக்குள் பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களோடு சேர்ந்து பத்துப் போன் நுழைகிறது. ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டிருக்க முடியுமா?

பெரிய வீடுகளில் வேறொரு கோளாறு அதிகம் நடக்கிறது. மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழே இருந்து கம்பி இழுத்து அதன் லேன் துளையில் செருகிவிடுவார்கள். இப்போது ஒரே பஸ்ஸில் இரண்டு கண்டக்டர்! இரண்டு பேரும் டிக்கெட் கிழிக்கிறார்கள், ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு ரவுட்டருக்குமே 192.168.1.1 என்று அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதை எத்தனை நிலையான முகவரி கொடுத்தாலும் சரி செய்ய முடியாது. இரண்டாவது ரவுட்டருக்குத் தனி எண் கொடுத்து, அதில் டிஎச்சிபி-யை அணைத்துவிட வேண்டும். அப்புறம் அது வெறும் வைஃபை கொடுக்கிற பெட்டிதான்.

பணம் வீணாகும் இடம் ஒன்று இருக்கிறது. "நிலையான ஐ.பி." என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள் புழங்குகிறது. வீட்டுக்குள் கொடுப்பது இலவசம். இணைய நிறுவனம் தனிக் கட்டணத்துக்கு விற்பது வேறு, அது வீட்டுக்கு வெளியே உலகம் முழுவதும் செல்லுபடியாகும் முகவரி. உள்ளே பிரிண்டர் காணாமல் போனதற்கு இதை வாங்குவது, வீட்டுக்குள் சாவி தொலைந்ததற்குத் தெருவுக்குப் பெயர்ப் பலகை வைப்பது போல. இந்த வெளி முகவரிகள் ஏன் விலைக்கு வந்தன என்றால், ஐபிவி4 எண்கள் தீர்ந்துவிட்டன. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிப் பங்குகளை 2011 பிப்ரவரி 3-ம் தேதி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பும் அதே ஆண்டு ஏப்ரல் 15-ம் தேதி கடைசித் தொகுதிக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியில் பல வீடுகளை அடைத்து வைக்கின்றன. அதற்கென்றே 2012-ல் ஒரு வரிசையையும் ஒதுக்கினார்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அந்த வீடு இப்படிக் கூட்டுக் குடித்தனத்தில் இருக்கிறது என்று பொருள். வெளியே இருந்து யாரும் நேராகக் கதவைத் தட்ட முடியாது.

தட்ட முடியாமல் இருப்பது பெரும்பாலான வீடுகளுக்கு நல்லதும் கூட. கேமரா பெட்டிக்கு நிலையான எண் கொடுத்த கையோடு, ரவுட்டரில் அதற்கு நேராக வெளியே ஒரு வாசலையும் திறந்து விடுவது சிலரின் வழக்கம். பெட்டியின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருக்கும். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும்தான் லட்சக் கணக்கில் பிடித்தது. அதனிடம் இருந்தது தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் ஒரு சின்னப் பட்டியல் மட்டுமே. பிடித்த படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர் முதலான பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. ராஜகிரிக் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் எத்தனை வாசலைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கட்டியவர்கள் ஒரு வாசலைக் கூடச் சும்மா திறந்து போடவில்லை.

எண்ணே எதற்கு, பெயர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இன்றைய பிரிண்டர்கள் பலவும் தங்கள் பெயரைத் தாங்களே வலையமைப்பில் கூவிச் சொல்லும். கணினி அந்தப் பெயரைப் பிடித்துக் கொண்டு, எண் மாறினாலும் தேடிப் போய்விடும். செஞ்சிக்கே இது நடந்திருக்கிறது. பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். 1677-ல் சிவாஜி பிடித்த பிறகு மராட்டியர்கள் தங்கள் வாயில் நுழைந்தபடி சந்தி என்றும் சிந்தி என்றும் சொன்னார்கள். 1698-ல் பிடித்த மொகலாயர்கள் நுஸ்ரத்கட் ஆக்கினார்கள். பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஜிஞ்சி என்று எழுதினார்கள். ஆவணங்களில் எது மாறினாலும் ஊர்க்காரர்களுக்குச் செஞ்சி செஞ்சிதான், பஸ்ஸும் அந்தப் பெயரில்தான் போகிறது. பெயர் பிடிமானமாக இருந்தால் எண் எப்படிப் போனால் என்ன?

இந்த வாதம் முக்கால் வாசி சரி. பெயர் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் எதையும் தொட வேண்டாம். ஆனால் பழைய பிரிண்டர், மலிவு விலைக் கேமரா பெட்டி, சில ஆண்டுகளாக ஓடிக் கொண்டிருக்கும் கணினி என்று கலந்து கட்டியிருக்கும் வீட்டில் பெயரைக் கூவுவதும் கேட்பதும் ஒத்துப் போவதில்லை. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர் திடீரென்று காணாமல் போவதும், எண்ணைக் கொடுத்துச் சேர்த்தால் நிலைத்து நிற்பதும் பலருக்கு அனுபவம். இன்னொரு மாற்று, எல்லாவற்றையும் நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பது. முகவரியே வேண்டாம், பெட்டி எங்கோ உள்ள சர்வரோடு பேசும், போனும் அதே சர்வரோடு பேசும். வெளியூரில் இருப்பவருக்கு வசதிதான். ஆனால் இணையம் அறுந்த இரவில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் கேமராவின் படம் பக்கத்து அறைப் போனுக்கு வராமல் போகக்கூடும். மழைக் காற்றில் ஃபைபர் அறுவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. கொட்டகையில் என்ன சத்தம் என்று பார்க்க வேண்டியதும் அதே இரவில்தான். பெட்டியின் எண் தெரிந்திருந்தால், வீட்டு வைஃபை உயிரோடு இருக்கும் வரை உலாவியிலோ கணினியில் போட்ட மென்பொருளிலோ பார்த்துவிடலாம்.

ஐபிவி6 வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். வந்தேவிட்டது, இந்தியாவில் செல்போன் இணையத்தின் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. ஆனால் நிறுவனம் கொடுக்கும் முன்பகுதி மாறினால் அந்த நீண்ட முகவரிகளும் மாறும். வீட்டுக்குள் பிரிண்டரைத் தேட 192.168 இன்னும் பல காலம் இருக்கும்.

இந்த முறைக்கு எதிராக உண்மையிலேயே நிற்கும் வாதம் வேறு. சில நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டரில், வாடிக்கையாளருக்கு இந்தப் பதிவேட்டுப் பக்கத்தையே காட்டுவதில்லை. வீட்டுக்காரர் பார்க்க முடிவது வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டும். தன் வீட்டுக்குள் எண் கொடுக்கும் உரிமை தனக்கே இல்லை என்பது அநியாயம், கேட்டு வாங்க வேண்டிய விஷயம். அது வரை அந்த வீடுகளுக்கு முதல் வழிதான் கதி. அப்படியானால் ரவுட்டர் கொடுக்கும் எண்களின் வரிசை எங்கிருந்து எங்கு வரை என்று பார்த்து, அதற்கு வெளியே உள்ள எண்ணைச் சாதனத்தில் எழுத வேண்டும். ரவுட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கிறது என்றால் பிரிண்டருக்கு 50. துண்டு போட்டாலும் கண்டக்டர் ஆள் உட்கார வைக்காத சீட்டாகப் பார்த்துப் போடுவது. வரிசையும் தெரியவில்லை என்றால், இணைந்திருக்கும் போன்களில் என்ன எண் வருகிறது என்று சில நாள் பார்த்து ஊகிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் எழுதி வைப்பது ஒன்றுதான் கடைசியில் கை கொடுக்கிறது. ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் குண்டூசியைக் குத்திப் பத்து விநாடி அழுத்தினால், பதிந்து வைத்த அத்தனையும் அழிந்து புது ரவுட்டர் மாதிரி எழும். இணையம் வரவில்லை என்று போன் செய்தால் முதலில் சொல்லப்படும் வைத்தியமும் பல சமயம் அதுதான். எனவே ஒரு தாள் வேண்டும். ரவுட்டரின் எண், அதன் கடவுச்சொல், பிரிண்டர் 50, கேமரா பெட்டி 51, சேமிப்புப் பெட்டி 52, எதிரே அவற்றின் மேக் முகவரிகள். தாளை கேஸ் புத்தகத்தோடு வைத்தால் தொலையாது. சென்னையில் இருந்து தீபாவளிக்கு வருகிற பிள்ளைக்கு இது அரை மணி நேர வேலை. அந்த அரை மணியில் தானே எல்லாவற்றையும் தட்டி முடித்துவிடாமல், அம்மாவைக் கணினி முன் உட்கார வைத்து, ரவுட்டர் பக்கத்தை அவரையே திறக்கச் சொல்ல வேண்டும். பிரிண்டரின் வரியை அவரே ஒருமுறை அழித்து, தாளைப் பார்த்து மறுபடி எழுதிச் சேமித்து, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்தும் பார்த்துவிட வேண்டும்.